பெயரின் வால்

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் பிரம்மதேசம் என்று ஓர் ஊர் இருக்கிறது. சோழர் காலத்துக் கோயில்கள் உள்ள பழைய ஊர். பெயரைக் கேட்டதும் பிரம்மாவின் நாடு என்று பொருள் கொள்ளத் தோன்றும். வடநாட்டு மொழிகளில் பர்மாவுக்கும் பிரம்மதேசம் என்று பெயர் உண்டு. ஆகையால் பர்மாவிலிருந்து யாரோ இங்கே வந்து குடியேறினார்கள் என்று கதை கட்டவும் அதிக நேரம் ஆகாது.

விஷயம் எளிது. அந்தணர்களுக்கு அரசர்கள் தானமாக விட்ட ஊரைக் கல்வெட்டுகள் பிரமதேயம் என்று சொல்லும். இந்தத் தேயம் என்பது கொடுக்கப்படுவது. ஆனால் தேசம் என்ற சொல்லும் தமிழில் தேயம் என்று வழங்குவதுண்டு. பிற்காலத்தார் அந்தத் தேயத்தை இந்தத் தேயமாக நினைத்துத் 'திருத்தி' விட்டார்கள் போலும். கொடை நாடாகி விட்டது!

பெயர்களின் வால் இப்படித்தான் ஆளை ஏமாற்றும். ருஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கியை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய முன்னோருக்கு தஸ்தோயேவோ என்ற கிராமம் உடைமையாக இருந்தது. குடும்பப் பெயர் அதிலிருந்து வந்தது. நம்முடைய கோவூர் கிழாரும் ஆலத்தூர் கிழாரும் ஊருக்கு உரியவர் என்று பெயர் பெறவில்லையா, அதைப் போல. அந்த 'ஸ்கி'யும், 'இங்கிலிஷ்' என்ற சொல்லில் வருகிற 'இஷ்'ஷும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பது மொழிநூலாரில் பெரும்பாலோர் கொள்கை. இரண்டுக்கும் 'சேர்ந்த' என்பதே பொருள். முகத்தைப் பார்த்தால் யார் நம்புவார்கள்?

இனி முகம் ஒத்திருக்கிற ஜோடி ஒன்று. ரோம் நகரத்தானை லத்தீனில் ரோமானுஸ் என்பார்கள். அதுவே நமக்கு ரோமன். தமிழில் மலையன், ஊரன், குறவன். ஆகா, இரண்டிலும் 'அன்' இருக்கிறதே என்று துள்ளத் தோன்றும். கொஞ்சம் பொறுத்துப் பெண்பாலைக் கேட்டுப் பாருங்கள். ரோமானுஸுக்குப் பெண்பால் ரோமானா, 'ஆன்' அசையவில்லை. குறவனுக்குப் பெண்பால் குறத்தி; 'அன்' போயே போய்விட்டது. அங்கே அது ஊரைக் காட்டுகிற விகுதி. இங்கே ஆணைக் காட்டுகிற விகுதி.

சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்தில் பிறந்தவை என்று 1786-ல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் சொன்னார். தென்னாட்டு மொழிகள் அந்தக் குலம் அல்ல, தனிக் குலம் என்று 1816-ல் சென்னையில் எல்லிஸ் எழுதினார். 1856-ல் கால்டுவெல் அதை விரிவாக நிலைநாட்டினார். இவர்கள் நம்பியது காதில் விழுகிற ஒற்றுமையை அல்ல. சொல் எப்படி வளைகிறது, எப்படி மாறுகிறது என்கிற ஒழுங்கை.

ஓசையை மட்டும் கேட்டு லத்தீனோடு சம்பந்தம் பேசப் போகிறவர்கள், இந்தத் தனிக் குலத்தின் பெருமையை அல்லவா விட்டுக்கொடுக்கிறார்கள்?