இந்தியாவில் அடிப்படைக் கழிப்பிட வசதி

மலம் மனிதர் மீது படாதபடி பிரித்துவைக்கும் கழிப்பறை ஒன்றை, வேறு குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ளாமல் ஒரு குடும்பம் பெற்றிருப்பதையே அடிப்படைக் கழிப்பிட வசதி என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் வரையறுக்கின்றன. கழிவு குழியிலேயே மக்கவோ, அப்புறப்படுத்திச் சுத்திகரிக்கப்படவோ வழி இருந்தால் அது அடுத்த படியான பாதுகாப்பான மேலாண்மை. இந்தியாவில் கழிப்பறை கட்டுவது ஒரு சிக்கல் என்றால், நிறைந்த குழியை யார் காலி செய்வது என்பது அதைவிடப் பெரிய சிக்கல். கிராமத்தையும் நகரத்தையும் இணைக்கும் கேள்வி அதுவே.

காலனி ஆட்சிக் காலம்

சிந்துவெளியின் மொகெஞ்சதாரோவில் வீட்டுக் குளியலறைகளிலிருந்து தெரு வடிகாலுக்கு நீர் செல்லும் செங்கல் அமைப்புகள் இருந்தன. அந்த மரபு தொடரவில்லை. பிரித்தானிய ஆட்சியில் படைவீரர்கள் போரைவிட நோயால் அதிகம் மடிந்ததை அரச ஆணையம் 1863-இல் அறிக்கையாக்கியது. அதற்கான புள்ளிவிவரங்களைத் தொகுத்து ஆராய்ந்ததில் புளோரன்ஸ் நைட்டிங்கேலுக்குப் பெரும் பங்குண்டு. மறு ஆண்டு வங்காளம், சென்னை, பம்பாய் மாகாணங்களில் சுகாதார ஆணையங்கள் அமைந்தன. ஆனால் ராணுவக் குடியிருப்புகளும் ஐரோப்பியர் பகுதிகளும் முதலில் பயன்பெற்றன. நகராட்சிகள் எடுப்புக் கக்கூஸ்களை நம்பின. மலம் அள்ளும் வேலையைச் சாதியின் பேரில் சில சமூகங்கள் மீது சுமத்தி, அதையே நிர்வாக முறையாக்கின. 1901-இல் கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் காந்தி கழிப்பிடத்தைத் தாமே சுத்தம் செய்தது இந்த ஏற்பாட்டுக்கு எதிரான செயல்.

கிராமங்கள்

பொதுச் சுகாதாரம் அரசமைப்பில் மாநிலப் பட்டியலில் உள்ளது. விடுதலைக்குப் பின் குடிநீருக்குக் கிடைத்த கவனம் கழிப்பிடத்துக்குக் கிடைக்கவில்லை. 1981-இல் கழிப்பிட வசதி பெற்றிருந்த ஊரகக் குடும்பங்கள் ஏறத்தாழ 1 விழுக்காடுதான். மத்திய அரசின் ஊரகத் துப்புரவுத் திட்டம் 1986-இல் தொடங்கியது. 1999-இல் வந்த முழுச் சுகாதார இயக்கம், கட்டடத்துக்கு மானியம் கொடுப்பதோடு நில்லாமல் மக்களிடம் தேவையை உணர்த்த முயன்றது. 2003-இல் திறந்தவெளி மலம் கழித்தல் இல்லாத ஊராட்சிகளுக்கு நிர்மல் கிராம் விருது அறிவிக்கப்பட்டது.

ஆயினும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஊரகக் குடும்பங்களில் 30.7 விழுக்காட்டினரே வீட்டு வளாகத்தில் கழிப்பறை வைத்திருந்தனர்; நகரங்களில் இது 81.4 விழுக்காடு. இந்த இடைவெளிக்குப் பெண்களே அதிக விலை கொடுத்தனர். விடியுமுன்னும் இருட்டிய பின்னும் மட்டுமே ஒதுங்க முடிந்ததால் பகலில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தனர், அச்சத்தோடு வெளியே சென்றனர். குழந்தைகள் வயிற்றுப்போக்காலும் குடற்புழுவாலும் நலிந்தனர்.

வறுமை மட்டும் இதற்குக் காரணமன்று. டயான் காஃபியும் டீன் ஸ்பியர்ஸும் வட மாநிலங்களில் நடத்திய ஆய்வு, கழிப்பறை உள்ள வீடுகளிலும் பலர் வெளியே செல்வதைக் காட்டியது. குழி நிறைந்தால் அள்ளுவது தீண்டத்தகாதோர் வேலை என்ற எண்ணம் ஊறியிருந்ததால், சிறு குழிக் கழிப்பறையை மக்கள் ஒதுக்கினர். பல ஆண்டு நிறையாத பெரிய தொட்டியையே விரும்பினர்.

இதற்கு நல்ல விடை ஏற்கெனவே இருந்தது. பிந்தேஸ்வர் பாடக் 1970-இல் பீகாரில் தொடங்கிய சுலப் இயக்கம் பரப்பிய இரட்டைக் குழி முறையில் ஒரு குழி நிறைந்ததும் கழிவு மற்றதற்குத் திருப்பப்படும். மூடிவைத்த குழியில் உள்ளது ஓராண்டுக்கு மேல் மக்கி, கிருமி குறைந்து, வாடையற்ற எருவாகும். யாரும் புதுக் கழிவைத் தொட வேண்டியதில்லை.

2014 அக்டோபர் 2-இல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கம் ஒரு குடும்பத்துக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை அளித்து, ஊரகத்தில் 10 கோடிக்கு மேற்பட்ட கழிப்பறைகளைக் கட்டியது. 2019 அக்டோபர் 2-இல் ஊரக இந்தியா திறந்தவெளி மலம் கழித்தலிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி கழிப்பிடம் இல்லாத குடும்பங்கள் 2015-16-இல் 39 விழுக்காடு, 2019-21-இல் 19. ஊரகத்தில் மட்டும் அப்போதும் 26. பெரும் முன்னேற்றம்தான், ஆனால் பணி முடியவில்லை.

நகரங்கள்

நகரக் கழிப்பறைகளில் பெரும்பாலானவை பாதாளச் சாக்கடையோடு இணைந்தவையல்ல. 2011-இல் நகர வீடுகளில் 32.7 விழுக்காடு மட்டுமே சாக்கடை இணைப்புப் பெற்றிருந்தன, 38.2 விழுக்காட்டு வீடுகள் செப்டிக் டேங்கை நம்பின. டேங்கைக் காலி செய்யும் லாரிகள் பல ஊர்களில் கழிவை ஏரியிலும் ஓடையிலும் கொட்டின. தமிழ்நாடு 2014-இல் கழிவுக் கசடு மேலாண்மை வழிகாட்டுதலை வெளியிட்டது. 2017-இல் தேசியக் கொள்கை வந்தது. கர்நாடகத்தின் தேவனஹள்ளி, செங்கற்பட்டு மாவட்டத்தின் கருங்குழி போன்ற சிறு நகரங்களில் கசடு சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்குகின்றன. தனி வீட்டில் கழிப்பறைக்கு இடமில்லாத குடிசைப் பகுதிகளில் பொதுக் கழிப்பிடமே வழி. திருச்சியில் மகளிர் குழுக்கள் கட்டணம் வசூலித்து, கணக்கு வைத்து அவற்றைச் சிறப்பாகப் பராமரித்தன.

சட்டமும் தொழிலாளரும்

கையால் மலம் அள்ளவைப்பதை 1993-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பின்றிச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குவதையும் குற்றமாக்கியது. பெஜவாடா வில்சன் வழிநடத்தும் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில், இறந்தோர் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் வழங்க உச்ச நீதிமன்றம் 2014-இல் ஆணையிட்டது. 2023-இல் அது 30 லட்சமானது. அதே ஆண்டு துப்புரவுப் பணியை இயந்திரமயமாக்கும் நமஸ்தே திட்டம் தொடங்கியது. ஆயினும் விஷவாயு தாக்கி இறக்கும் செய்திகள் நிற்கவில்லை.

தூய்மை இந்தியாவின் இரண்டாம் கட்டம் கழிவு மேலாண்மையை இலக்காக்கியிருப்பது சரியான திசை. கட்டிய கழிப்பறைகளின் எண்ணிக்கையோடு, நிறைந்தவற்றை எவரும் உயிரைப் பணயம் வைக்காமல் காலி செய்ய முடிகிறதா என்பதையும் அளந்தால்தான் இந்த வசதி முழுமையானதென்று கொள்ள முடியும்.