காலில் வளையம், கழுத்தில் பட்டி: அன்னங்களைப் பின்தொடர்ந்தவர்களின் கதை

போன மாதம் தரம் 8இல் இடம்பெயரும் பறவைகள் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மணி அடிக்கப் போகும் நேரம், பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பி, "சேர், எங்கட வாப்பா ஒரு தடவை காலில வளையம் போட்ட பறவையக் கண்டாராம்" என்றான்.

"பிறகு?"

"புதைச்சிட்டாராம் சேர்."

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிக்க முடியவில்லை. அன்று பின்னேரம் அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். வாப்பா களப்பில் மீன்பிடிப்பவர். சுபஹுக்குப் பிறகு வலை இழுக்கப் போன இடத்தில், கரையில் ஒரு கடற்பறவை செத்துக் கிடந்திருக்கிறது. காலில் மஞ்சள் வளையம், அதில் கறுப்பு எழுத்து. நடந்தது 2019இல், ஏப்ரல் மாதத்துக்குப் பிறகு வந்த நாட்களில். வீடு வீடாகத் தேடுதல் நடந்த காலம் அது. "நம்பர் போட்ட சாமான் ஒன்றைக் கையில வச்சிக்கிட்டு நான் யாரிட்டப் போய் என்னத்தச் சொல்ல, சேர்?" என்று கேட்டார். பறவையோடு வளையத்தையும் சேர்த்து மண்ணுக்குள் போட்டுவிட்டு வந்துவிட்டார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2013இல் எகிப்தில், முதுகில் கருவி பொருத்திய ஒரு நாரையை உளவுப் பறவை என்று சந்தேகித்துப் பிடித்துப் பொலிஸில் ஒப்படைத்தார்கள். அது ஹங்கேரியில் ஆய்வாளர்கள் பொருத்திய கருவி. விசாரித்து விடுவித்த பிறகு, பாவம், அந்த நாரையை யாரோ பிடித்துச் சாப்பிட்டுவிட்டார்கள். இப்படியான உலகத்தில் ஒரு மீனவர் பயந்ததில் என்ன பிழை?

ஆனாலும் அந்த வளையம் என்ன என்பதை அவருக்குச் சொல்லாமல் வர முடியவில்லை. தேத்தண்ணீர் குடித்தபடி அங்கே சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். கதையில் வருவது பெரும்பாலும் அன்னங்கள். நம் நாட்டுக்குக் காட்டு அன்னங்கள் வருவதில்லை. ஆனால் ஒரு வளையத்தால் எவ்வளவு தெரியவரும் என்பதை அன்னங்களை வைத்துத்தான் தெளிவாகச் சொல்லலாம்.

இந்த வேலையை ஒழுங்காகத் தொடக்கி வைத்தவர் நம்மைப் போல ஒரு பாடசாலை ஆசிரியர். டென்மார்க்கில் விபோர்க் என்ற ஊர். ஹான்ஸ் கிறிஸ்டியன் மோர்டென்சன் என்று பெயர். 1890இல் துத்தநாகத்தில் வளையம் செய்து பார்த்தார். அது பறவைக்குப் பாரமாக இருந்தது. அவசரப்படாமல் யோசித்து, 1899இல் மெல்லிய அலுமினியத்தில் வளையம் செய்து, ஒவ்வொன்றிலும் ஊரின் பெயரையும் ஓர் இலக்கத்தையும் பொறித்து, 165 மைனா இனப் பறவைகளின் கால்களில் போட்டுவிட்டார். பெரிய ஆய்வுகூடம் எதுவும் அவருக்கு இருக்கவில்லை. தன் கையாலேயே பறவைகளைப் பிடித்தார், தானே கணக்கு எழுதினார். பாடக்குறிப்பு எழுதவே நேரமில்லை என்று ஆசிரியர் அறையில் புலம்பும் எனக்கு இதைப் படித்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

பத்தே வருடத்தில் இது ஐரோப்பா முழுவதும் பரவியது. இங்கிலாந்தில் விதர்பி என்பவர் 1909இல் தொடங்கினார். அவருடைய வளையங்களில் இருந்தது லண்டன் முகவரி. 1911 மே மாதம் ஸ்டஃபோர்ட்ஷயரில் ஒரு தகைவிலான் குருவிக்கு அப்படி ஒரு வளையம் போட்டார்கள். 1912 டிசம்பரில் அது தென்னாபிரிக்காவின் நேட்டாலில் ஒரு பண்ணை வீட்டில் பிடிபட்டது. அங்கிருந்து லண்டனுக்குக் கடிதம் வந்தது. இங்கிலாந்துத் தகைவிலான்கள் குளிர்காலத்தை எங்கே கழிக்கின்றன என்று அதுவரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அந்த முகவரிக்குக் கடிதம் எழுதலாம் என்று யாருக்கோ தோன்றியதால்தான் தெரியவந்தது. இந்த இடத்தில் வாப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் அவரைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை என்று சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று.

உலோக வளையத்தில் ஒரு குறை உண்டு. எழுத்து மிகச் சிறியது. பறவை கையில் கிடைத்தால்தான் வாசிக்கலாம். அநேகமாகச் செத்த பிறகுதான் அது கையில் கிடைக்கும். ஆகவே எங்கே வளையம் போட்டார்கள், எங்கே செத்தது என்ற இரண்டு தகவலோடு கதை முடிந்துவிடும். இடையில் அது எப்படி வாழ்ந்தது என்பது தெரியாது.

அந்த இடைவெளியை நிரப்பியது இங்கிலாந்தின் ஸ்லிம்பிரிட்ஜ் என்ற இடம். தென்துருவத்திலிருந்து திரும்பி வராமல் 1912இல் இறந்துபோன கப்டன் ஸ்கொட்டைப் பற்றி நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். அவருடைய மகன் பீட்டர் ஸ்கொட், ஓவியர். இளவயதில் வாத்து வேட்டைக்காரராக இருந்தவர். பிறகு துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, 1946இல் ஸ்லிம்பிரிட்ஜில் நீர்ப்பறவைகளுக்கு ஒரு நிறுவனம் தொடங்கினார். அவர் வீட்டு யன்னலுக்கு எதிரே ஒரு குளம். குளிர்காலத்தில் அங்கே பியூவிக் அன்னங்கள் வந்து இறங்கும். ரஷ்யாவின் வடகோடியில், மரமே முளைக்காத ஆர்க்டிக் தூந்திரத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர் பறந்து வருபவை.

1964இல் ஸ்கொட் ஒரு விஷயத்தைக் கவனித்தார். இந்த அன்னங்களின் அலகில் கறுப்பும் மஞ்சளும் கலந்திருக்கும். அந்தக் கலப்பு ஒன்றைப் போல இன்னொன்றுக்கு இல்லை. நம் கைரேகை மாதிரி. யன்னலருகே இருந்து ஒவ்வொன்றின் முகத்தையும் வரைந்தார், ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தார். குடும்பமாகவே பார்த்தார்கள். அவருடைய மகள் டஃபிலாவும் அன்னங்களை முகம் பார்த்துச் சொல்லப் பழகினார். அன்று தொடங்கிய பதிவு இன்றுவரை நிற்கவில்லை. இதுவரை பதிவான அன்னங்கள் ஏறத்தாழ 10,000.

இந்தப் பதிவிலிருந்து எவ்வளவோ தெரியவந்தது. தாயும் தகப்பனும் குஞ்சுகளைக் கூடவே கூட்டிவந்து வழியைக் காட்டிக்கொடுக்கின்றன. சோடி சேர்ந்தவை பல வருடங்கள் சேர்ந்தே வருகின்றன. 2010இல் ஒரு சோடி பிரிந்து, இரண்டும் வேறு வேறு துணையோடு வந்து இறங்கின. உலகப் பத்திரிகைகள் எல்லாம் அதைப் போட்டன. ஏனென்றால் நாற்பது வருடத்துக்கு மேலான பதிவில், ஆயிரக்கணக்கான சோடிகளில், அது இரண்டாவது பிரிவுதான்! (இதைச் சொன்னபோது அந்தப் பிள்ளையின் உம்மா உள்ளேயிருந்து சிரித்தது கேட்டது.)

ஆனால் முகம் பார்த்து அடையாளம் காண்பது, பழகிய கண்ணுக்கு, கிட்ட நின்றால்தான் சரிவரும். ஒல்லாந்தின் வயலிலோ எஸ்தோனியாவின் கடற்கரையிலோ நிற்கும் ஒருவருக்கு எல்லா அன்னமும் ஒரே அன்னம்தான். தன் வீட்டு யன்னலை விட்டு அது பறந்துபோன பிறகு என்ன ஆகிறது என்று அறிய, முன்பின் தெரியாத ஆட்களின் கண் வேண்டும். அதற்காக 1967இலிருந்து அன்னங்களின் காலில் பெரிய பிளாஸ்டிக் வளையம் போடத் தொடங்கினார்கள். இரண்டு நிறப் படைகள் ஒட்டிய கெட்டியான தகடு அது. மேற்படையைச் செதுக்கினால் உள்நிறம் எழுத்தாகத் தெரியும். வெயிலிலும் தண்ணீரிலும் அழியாது. நல்ல தொலைநோக்கி இருந்தால் 200 மீற்றர் தள்ளி நின்றே வாசிக்கலாம். பறவையைத் தொடவும் வேண்டாம், அது சாகவும் வேண்டாம்.

வளையம் போடுவதற்காகப் பிடித்த அன்னங்களை 1970களின் தொடக்கத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். வந்த முடிவைப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு அன்னங்களின் உடம்புக்குள் ஈயச் சன்னங்கள். சுடக்கூடாது என்று சட்டம் பாதுகாக்கும் பறவை அது. வழியில் எங்கெங்கோ சுட்டிருக்கிறார்கள். காயத்தோடு தப்பி, உடம்புக்குள் ஈயத்தைச் சுமந்துகொண்டு பறந்து வந்திருக்கின்றன. யன்னல் வழியாகப் பார்த்தவருக்கு அவை வெள்ளை வெளேரென்று அழகாகத்தான் தெரிந்திருக்கும்.

அமெரிக்காவில் கதை வேறு மாதிரி. 1962 நவம்பரில் மேரிலாந்து மாநிலத்துக்கு மேல் ஒரு பயணிகள் விமானம் அன்னக் கூட்டத்தில் மோதி விழுந்து, அதிலிருந்த 17 பேரும் இறந்துபோனார்கள். அன்னங்கள் எப்போது, எந்த வழியாக, எந்த உயரத்தில் போகின்றன என்பது அதன் பிறகு பறவைப் பிரியர்களின் கேள்வியாக மட்டும் இருக்கவில்லை. அதே மாநிலத்தில் இருந்த வில்லியம் சிலேடன் என்ற விஞ்ஞானி 1970களில் தூந்திர அன்னங்களின் கழுத்தில் எழுத்துப் போட்ட நிறப் பட்டிகளை மாட்டினார். அன்னம் நீந்தினால் கால் தண்ணீருக்குள் போய்விடும், கழுத்து எப்போதும் வெளியே நிற்கும். காரணம் அவ்வளவுதான். எந்தப் பகுதிப் பறவைக்கு எந்த நிறம் என்று ஆய்வாளர்கள் தமக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள். விவசாயி, தபால்காரர், பள்ளிப் பிள்ளை, யார் கண்டாலும் நிறத்தையும் எழுத்தையும் எழுதி அனுப்பலாம். இப்படியான வேலைகளால்தான், அலாஸ்காவின் வடகரை அன்னங்கள் கண்டத்தைக் குறுக்கே கடந்து அத்திலாந்திக் கரைக்குப் போகின்றன, அதே அலாஸ்காவின் மேற்குப் பக்க அன்னங்கள் பசிபிக் கரையோரமாக இறங்குகின்றன என்பது தெளிவானது. ஒரே மாநிலத்தில் பிறந்தவை, குளிர்காலத்தில் இரண்டு சமுத்திரங்களின் ஓரத்தில்.

இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கழுத்துப் பட்டி பறவைக்குச் சும்மா இல்லை. கடுங்குளிரில் பட்டியைச் சுற்றிப் பனி உறைந்து கட்டியாகி, வாத்துகளும் அன்னங்களும் அவதிப்பட்டது ஆய்வாளர்களாலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதனால் கால்வளையம் போதும் என்ற இடத்தில் பட்டி போடுவதில்லை. ஓர் உயிரை அறிவதற்காக அதற்கு எவ்வளவு தொந்தரவு கொடுக்கலாம்? என் பிள்ளைகளில் ஒருத்தி இதைக் கேட்டாள். எனக்கு இன்னும் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

தொந்தரவு கொடுத்ததற்குப் பலன் என்ன? வடமேற்கு ஐரோப்பாவுக்கு வரும் பியூவிக் அன்னங்கள் 1995இல் ஏறத்தாழ 29,000 இருந்தன. 2010இல் 18,000. வளையங்களை வாசித்தவர்கள் இருந்தபடியால்தான், இந்தக் குறைவில் எவ்வளவு உண்மையான இழப்பு, எவ்வளவு அன்னங்கள் குளிர் குறைந்ததால் கிழக்கே ஜெர்மனியிலேயே தங்கிவிட்டன என்று பிரித்துப் பார்க்க முடிகிறது. இப்போது சில அன்னங்களின் கழுத்தில் செய்மதியோடு பேசும் கருவியே இருக்கிறது. 2016இல் சாச்சா டென்ச் என்ற பெண் முதுகில் மோட்டாரும் தலைக்கு மேல் பரசூட்டும் கட்டிக்கொண்டு, ரஷ்யாவிலிருந்து இங்கிலாந்து வரை அன்னங்கள் வரும் வழியில் தானும் பறந்து வந்தார். சுடாதீர்கள் என்று வழியிலுள்ள ஊர்களிடம் நேரே கேட்பதற்காக.

இனி நம்ம பக்கம். மன்னாரில் பிடித்து, கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருவி பொருத்திவிட்ட கடற்காகங்கள் போன இடம் ரஷ்யாவின் ஆர்க்டிக் கரை. பியூவிக் அன்னங்கள் முட்டையிடும் அதே தூந்திரப் பிரதேசம். ஆகவே நம் களப்பில் கருவாட்டுக்குச் சண்டை பிடிக்கும் அந்தக் கடற்காகத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். புந்தல போன்ற இடங்களிலும் பறவைகளுக்கு வளையம் போடுகிறார்கள். நம்ம ஊர்க் கரையிலும் ஒரு நாள் அப்படி ஒன்று இறங்கலாம். ஏற்கெனவே ஒன்று இறங்கித்தான் இருக்கிறது, மண்ணுக்குள்.

உயிரோடு நிற்கும் பறவை என்றால் துரத்த வேண்டாம், பிடிக்கவும் வேண்டாம். தூர நின்று ஃபோனில் படம் எடுங்கள். வளையத்தின் நிறம், எழுத்தின் நிறம், எந்தக் கால், என்ன எழுத்து, எந்த இடம், எந்தத் திகதி, இவ்வளவும் எழுதி வையுங்கள். செத்த பறவை என்றால் வெறுங்கையால் தொடாமல் வளையத்தை மட்டும் படம் எடுங்கள். எங்கே அனுப்புவது என்று தெரியாவிட்டால், தனியாகப் போக யோசனையாக இருந்தால், எனக்கு இன்பொக்ஸில் அனுப்புங்கள். பாடசாலைப் பெயரில் கடிதம் எழுதி அனுப்புவோம். ஒரு வகுப்பே கையெழுத்துப் போட்ட கடிதத்தைப் பார்த்து யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

நேற்றுக் காலை அந்த வாப்பா வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். மணல் திட்டு, கொஞ்சம் தண்ணீர், நடுவில் ஒரு கடற்காகம். "சேர், வளையம் இருக்கா பாருங்க" என்று கீழே குரல் பதிவு. பெரிதாக்கிப் பார்த்தேன். கால் இரண்டும் தண்ணீருக்குள்.