எலியின் இரைப்பையும் இரண்டாவது பார்வையும்: ஆய்விதழ்களில் நோய்க்குறியியல் பிழைகள் திருத்தப்பட்ட வரலாறு

திருப்பூர் மாவட்டத்தின் மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பருத்தி ஏலம் போகிறது. பஞ்சு நூலாகித் திருப்பூரில் சாயம் ஏறுகிறது. கொட்டை மாட்டுத் தீவனமாகிறது. மரபணு மாற்றிய பருத்தியின் கொட்டை மாட்டுக்கு ஆகுமா, சாயம் புற்றுநோய் தருமா என்ற கேள்விகளுக்கான விடை பெரும்பாலும் ஆய்வுக்கூட எலியின் திசுவை நுண்ணோக்கியில் பார்த்த ஒருவரின் கணிப்பையே நம்பியிருக்கிறது. அந்தக் கணிப்புப் பிழைத்து அச்சேறிவிட்டால் அதைத் திருத்துவது எப்படி? கட்டுரையைத் திரும்பப் படித்து விவாதித்தபோது தீராத வழக்குகள், திசுவுக்கே திரும்பிப் போனபோதுதான் தெளிவடைந்திருக்கின்றன என்பது இக்கட்டுரையின் துணிபு.

இதற்கு முதற்சான்று யோகானஸ் ஃபிபிகர். டென்மார்க்கைச் சேர்ந்த இவர், 1907இல் சில எலிகளின் இரைப்பையில் கட்டிகளையும் அவற்றுள் உருளைப்புழுக்களையும் கண்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளை அறுத்துப் பார்த்தும் அத்தகைய கட்டி கிடைக்கவில்லை. கோபன்ஹேகன் சர்க்கரை ஆலை ஒன்றில் கரப்பான்பூச்சி தின்ற எலிகளிடம் அந்தப் புழு அகப்பட்டது. புழு சுமந்த கரப்பான்களை எலிகளுக்கு ஊட்டிப் புற்றுநோயை உண்டாக்கியதாக 1913இல் அறிவித்தார். 1926ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

அவருடைய எலிகளுக்குக் கரப்பானோடு கிடைத்த உணவு வெள்ளை ரொட்டியும் தண்ணீரும்தான். அதில் வைட்டமின் ஏ இல்லை. இச்சத்துக் குறைந்தால் உடலின் உட்பரப்புச் செல்கள் தோல்போல் தடித்துக் காய்க்கும் என்பதை உல்பாக், ஹோவ் இருவரும் 1925இலேயே, அதாவது பரிசுக்கு முந்தைய ஆண்டிலேயே, எலிகளில் காட்டிவிட்டனர். எலியின் முன் இரைப்பையில் தட்டைச் செல்கள் அடுக்கடுக்காகப் பெருகி உள்நோக்கி மடியும்போது, ஸ்லைடில் அது அசல் புற்றுபோலவே தெரியும். செல்கள் அடிச்சவ்வை உடைத்துக்கொண்டு கீழே இறங்கியிருக்கின்றனவா, ஓரம் சாய்வாக வெட்டுப்பட்டதால் இறங்கியதுபோல் தெரிகின்றனவா என்று பிரித்தறிவதில்தான் நோய்க்குறியியலரின் திறமை இருக்கிறது. ஃபிபிகரும் பயிற்சி பெற்ற நோய்க்குறியியலரே. எனவே தடிப்பைப் புற்றெனக் கணித்தது அறியாமையால் நேர்ந்த பிழை அன்று. எதிர்பார்த்ததைக் கண் கண்டுவிட்ட பிழை.

1935இல் பிரிட்டனில் பாஸ்ஸியும் உடன் பணியாற்றியவர்களும் உணவுக் குறைபாட்டை நோக்கி விரல் நீட்டினர். 1952இல் மின்னசோட்டாவில் ஹிச்காக், பெல் இருவரும் சோதனையைப் புதிதாகச் செய்து திசுவைப் பார்த்தனர். புழுவும் வைட்டமின் குறைவும் சேர்ந்து தடிப்பை உண்டாக்கின, புற்றுநோயை அல்ல. முதல் அறிவிப்பிலிருந்து அதுவரை 39 ஆண்டுகள் கடந்திருந்தன. ஃபிபிகர் 1928இலேயே காலமாகிவிட்டார்.

திசுவுக்குத் திரும்பிப் போக வேண்டுமானால் அது பத்திரமாக இருக்க வேண்டும்; இதில் திருப்பம் 1970களில் நேர்ந்தது. இண்டஸ்ட்ரியல் பயோ-டெஸ்ட் என்ற அமெரிக்க ஆய்வகத்தின் மோசடிகள் வெளிவந்தபின், 1978இல் அந்நாட்டில் நல்ல ஆய்வக நடைமுறை விதிகள் பிறந்தன. அவற்றின்படி மெழுகில் பதித்த திசுவையும் ஸ்லைடையும் பத்திரப்படுத்தியாக வேண்டும். இந்தியா இத்துறையில் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் (ஓஇசிடி) முழு ஏற்பைப் பெற்றது 2011இல். ஆனால் இவ்விதிகள் ஒழுங்குமுறை அமைப்புகளுக்குச் சமர்ப்பிக்கும் ஆய்வுகளுக்கானவை; பல்கலைக்கழக ஆய்வுகளை அவை கட்டுப்படுத்துவதில்லை. அங்கே பயிற்சியற்றவர்களே திசு படிக்கும் வழக்கத்தை ஜெரால்ட் வார்டு உள்ளிட்ட நோய்க்குறியியலர்கள் 2008இல் வெளிப்படையாகக் கண்டித்தனர். எடுத்துக்காட்டாக, சுண்டெலியின் மண்ணீரலில் பல மடல் உட்கருவுடைய பெரிய செல்கள் இயல்பாகவே இருக்கும். மனிதத் திசுவை மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவை நோயாகத் தெரியக்கூடும்.

2012இல் செராலினி என்ற ஆய்வாளரின் குழு, மரபணு மாற்றிய மக்காச்சோளம் தின்ற எலிகளுக்குப் பெருங்கட்டிகள் வந்ததாக எழுதியது. ஐரோப்பிய நச்சு நோய்க்குறியியல் சங்கம் அக்கட்டுரை வெளியான இதழுக்குக் கடிதம் எழுதி, கட்டிகளின் விவரிப்பையே குறைகூறியது. சோதனையின் ஒவ்வொரு எலிப் பிரிவிலும் பத்து எலிகள்தாம். அந்த ஸ்ப்ரேக்-டாலி இனத்துக்கோ வயதானால் தாமாகவே கட்டிகள் வரும். 2013 நவம்பரில் இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. மோசடி இல்லை, முடிவு உறுதியற்றது என்று காரணம் சொன்னது. 2014இல் அது வேறோர் இதழில் மீண்டும் வெளிவந்தது. சர்ச்சை அச்சிட்ட பக்கங்களையும் எண்ணிக்கையையும் சுற்றியே நடந்ததால், இரு தரப்பும் இன்றும் தத்தம் இடத்திலேயே நிற்கின்றன.

இத்தாலியின் ராமஸ்ஸினி ஆய்வகத்தின் வழக்கு வேறு விதம். அங்கு நிணநீர்ப் புற்று எனப் பதிவானவற்றுள் சில நுரையீரல் தொற்றின் அழற்சியே என்று, ஸ்லைடுகளை மறுபடி பார்த்த அமெரிக்க நோய்க்குறியியலர்கள் கருதினர். பின்னர் 2020இல் அந்த ஆய்வகம், அஸ்பர்டேம் என்ற செயற்கை இனிப்பூட்டி பற்றிய தன் ஆய்வின் திசுக்களைப் புதிய சாயமேற்றும் முறையில் மறுபடி படித்து, பெரும்பாலான கணிப்புகள் சரியே என்றது. இரு தரப்பும் திசுவை முன்வைத்துப் பேசியதால் கேள்வி சுருங்கியது: எந்தக் கணிப்பு நிற்கும், எது நிற்காது?

நம் நாட்டு விலங்காய்வு நெறிக்குழுக்களில் ஒரு கால்நடை மருத்துவர் இடம்பெறுவது கட்டாயம். திசுவைப் படிக்கப்போவது யார், ஸ்லைடு எத்தனை ஆண்டு இருக்கும், ஐயம் எழுப்புகிறவர் அதைக் கேட்டால் கிடைக்குமா என்ற மூன்று கேள்விகளையும் அந்தக் குழுக்களே அனுமதிக்கு முன் கேட்டுவிடலாம். ஆய்விதழ்கள் ஸ்லைடின் முழு டிஜிட்டல் படத்தைக் கட்டுரையோடு வாங்கி வைக்கலாம். அதற்கான கருவிகள் இன்று உள்ளன.