பல் முளைக்காத பிள்ளையும் வியர்க்காத உடலும்

ஒரு வயது தாண்டியும் பிள்ளைக்குப் பல் வரவில்லை என்றால், "பிந்தி முளைக்கும்" என்று வீட்டில் பெரியவர்கள் ஆறுதல் சொல்வார்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் அதே பிள்ளை வியர்க்காமல், வெயில் நேரத்தில் அடிக்கடி காய்ச்சலாகக் கொதித்தால், அந்த ஆறுதலோடு நிற்க வேண்டாம் என்றே நான் சொல்வேன்.

இரண்டும் எக்டோடெர்மல் டிஸ்பிளேசியா என்னும் அரிய மரபணுக் கோளாறின் அடையாளங்களாக இருக்கலாம். பல், முடி, வியர்வைச் சுரப்பி மூன்றும் உருவாகத் தொடங்குவது கருவின் வெளிப்படையில்தான். ஈடிஏ என்ற மரபணு பழுதுபட்டால் மூன்றுமே குறைபடும். வருகிற சில பற்களும் கூம்பு போலக் கூராக இருக்கும். பல்லைத் தாங்கும் தாடை எலும்பு பல்லோடு சேர்ந்தே வளர்வது. பல் இல்லாத இடத்தில் அது மெலிந்துவிடும். அதனால் முகத்தின் கீழ்ப்பகுதி குறுகி, உதடுகள் முன்தள்ளி, சிறு பிள்ளைக்கு முதிய முகச்சாயல் வருகிறது.

ஆபத்து முகத்தில் இல்லை, சூட்டில்தான். வியர்க்காத உடல் தானாகக் குளிராது. நண்பகலில் தகரக் கூரையின் கீழ் கிடக்கும் கைக்குழந்தைக்கு இது உயிராபத்து. இந்தச் சூட்டைப் பனடோல் தணிக்காது. ஈரத்துணி, நிழல், காற்று, தண்ணீர் ஆகியவையே தணிக்கும். கிருமித் தொற்றும் இருக்கலாம் என்பதால் வைத்தியரிடம் காட்டுவதும் அவசியம்.

சிந்துப் பகுதிக் குடும்பமொன்றில் 4 தலைமுறைகளில் 10 ஆண்களுக்குப் பற்களும் முடியும் குறைந்திருந்ததையும், வெயில் காலத்தில் அவர்கள் வருந்தியதையும் சார்ல்ஸ் டார்வின் 1875 இல் எழுதினார். பெண்கள் பாதிக்கப்படாமலே அதைத் தம் ஆண்பிள்ளைகளுக்குக் கடத்தினர் என்றும் குறித்தார். ஈடிஏ மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதே காரணம். எனவே வைத்தியர் முதலில் கேட்பது தாய்மாமனைப் பற்றியதாக இருக்கும். அவருக்குப் பல் குறைவா, முடி ஐதா, வெயில் தாங்குவாரா?

போர் எங்களிடமிருந்து பறித்தவற்றுள் இந்தப் பதிலும் ஒன்று. மாமன் காணாமல் போனவர், அல்பம் இடம்பெயர்வில் தொலைந்தது. அம்மம்மாவோ பெரியம்மாவோ இருந்தால் இன்றே கேட்டு எழுதி வையுங்கள். தாயின் பற்களையும் காட்டுங்கள். ஓரிரு பல் குறைவதுகூடத் தடயம்தான். குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாகவும் இது தோன்றலாம். எப்படியாயினும் தாய் செய்த எந்தப் பிழையாலும் வருவதல்ல.

ஏறக்குறைய 3 வயதிலேயே செயற்கைப் பல் கட்டலாம். தாடை வளர வளர அதை மாற்ற வேண்டும். சாப்பாடும் பேச்சும் அதனால் சீராகும். பல் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தால் ஈறுக்குள் எத்தனை பல் உண்டு என்பது தெரிந்துவிடும். போகும்போது, பிள்ளை வியர்ப்பதில்லை என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.