கம்சாளெ: மாதேஸ்வரன் மலையிலிருந்து திரையிசைக்கு

கம்சாளெ, தென் கர்நாடகத்தின் மைசூர், சாமராஜநகர், மண்டியா வட்டாரங்களில் வழங்கும் வெண்கலத் தாளக் கருவி. இதை இசைத்துப் பாடி ஆடும் கலைக்கும் இதுவே பெயர். சைவத் துறவி மாதேஸ்வரனின் அடியார்களுக்கு வழிபாட்டுக் கருவியாகிய இது, கன்னடத் திரையிசை வழியே ஊர் எல்லை கடந்து ரசிகர்களைப் பெற்றது.

அமைப்பு

கம்சாளெ ஓர் இணைக் கருவி. ஒன்று கிண்ணம் போலக் குழிந்தது, உள்ளங்கையில் ஏந்துவது. மற்றொன்று தட்டையான வட்டு; நடுத்துளையில் கோத்த கயிற்றைப் பிடித்துக் கிண்ணத்தின் மேல் தட்டுவது. அமர்ந்து கதை பாடுவது ஒரு முறை. 'பீசு கம்சாளெ' இன்னொரு முறை: ஆடுபவர் வட்டைக் கயிற்றோடு சுழற்றி வீசி, தம் கிண்ணத்திலோ அடுத்தவர் கிண்ணத்திலோ தாளம் தவறாமல் தட்டுவார். இசையும் உடற்பயிற்சியும் இங்கே ஒன்றாகின்றன.

மரபு

15ஆம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்தவராகக் கருதப்படும் மாதேஸ்வரரைப் பாடுபவர்கள் 'தேவர குட்டரு' எனப்படுவர். குருவிடம் தீட்சை பெற்றே கம்சாளெயைக் கையில் எடுப்பார்கள். குருபர் சமூகத்தினர் இக்கலையில் முன்னிற்கின்றனர். அவர்கள் பாடும் நெடுங்காவியம் கன்னட வாய்மொழி இலக்கியத்தின் பெருஞ்செல்வம். பி. கே. ராஜசேகர தொகுத்த பதிப்பு 1973இல் வெளிவந்தது. இதே வட்டாரத்தில் மண்டேசுவாமி என்னும் துறவியின் கதையைத் தம்பூரி மீட்டிப் பாடும் நீலகாரர் மரபும் உண்டு.

மைசூரின் பங்கு

மைசூரின் விஜயநகர் பகுதிக்கு அண்மையிலுள்ள இரண்டு இடங்கள் இவ்வரலாற்றில் முக்கியமானவை. மானசகங்கோத்ரி வளாகத்தின் ஜெயலட்சுமி விலாஸ் மாளிகையில் மைசூர்ப் பல்கலைக்கழகம் 1968இல் நாட்டார் அருங்காட்சியகத்தை அமைத்தது. நாட்டார் கலைப்பொருள்களோடு இசைக்கருவிகளும் அங்கே பேணப்படுகின்றன. ஹுன்சூர் சாலையிலுள்ள ரங்காயண நாடக நிறுவனம் 1989இல் தொடங்கியது. அதன் முதல் இயக்குநர் பி. வி. காரந்த் (1929–2002), நாட்டுக் கருவிகளோடு அன்றாடப் பொருள்களின் ஓசையையும் மேடையிசையாக்கியவர்.

திரையில்

கன்னடத் திரையில் நாட்டுக் கருவி கதையின் உயிராகவே நின்றதற்கு பி. வி. காரந்த் இயக்கிய 'சோமன துடி' (1975) சிறந்த சான்று. சிவராம காரந்தின் நாவலைத் தழுவிய இப்படத்தில், சொந்த நிலத்துக்கு ஏங்கும் கொத்தடிமைச் சோமனின் கோபமும் துயரமும் துடிப் பறையின் அடியாகவே வெளிப்படுகின்றன. படம் தேசியத் தங்கத் தாமரை விருது பெற்றது. அடுத்து 'ரிஷ்யசிருங்க', 'கடசிராத்த' படங்களுக்காக பி. வி. காரந்த் இருமுறை சிறந்த இசையமைப்பாளருக்கான தேசிய விருதைப் பெற்றார். தமிழில் 'அன்னக்கிளி' (1976) கிராமத்து மெட்டைத் திரையின் நடுவே கொண்டுவந்ததும் இதே காலத்தில்தான்.

கம்சாளெக்குப் பெரும்புகழ் தந்தது டி. எஸ். நாகாபரண இயக்கிய 'ஜனுமத ஜோடி' (1996). மாதேஸ்வரன் மரபின் 'கோலுமண்டே ஜங்கம' பாடல் வி. மனோகரின் இசையில், எல். என். சாஸ்திரியின் குரலில் பட்டிதொட்டியெங்கும் ஒலித்தது. அப்பாடலுக்காகச் சாஸ்திரி கர்நாடக அரசின் விருதையும் பெற்றார்.

மதிப்பீடு

திரையிசை இக்கருவிக்குச் செய்த நன்மை பெரிது. மாதேஸ்வரன் மலைக்குச் சென்றறியாதவர்களும் அதன் ஓசையை அறிந்தார்கள். ஆனால் திரைப்பாடல் சில நிமிடங்களில் முடிந்துவிடும். மரபோ இரவு முழுதும் பாடும் காவியத்தைச் சுமக்கிறது. கருவியின் புகழ் அதை வாசிக்கும் அடியார்களின் வாழ்வுக்கும் உதவினால்தான் இந்தச் செல்வம் நிலைக்கும். திரையிசை வழியே நாட்டுக் கருவிகள் மேல் காதல் கொண்டவர்கள் அடுத்து நாட வேண்டியது அக்கலைஞர்களைத்தான். தமிழ்நாட்டு ரசிகர்களுக்கு அது தொலைவும் அன்று: மேட்டூரிலிருந்து கொளத்தூர், பாலாறு வழியே மாதேஸ்வரன் மலைக்குச் சாலை உண்டு. சிவராத்திரி, யுகாதி, தீபாவளித் திருவிழாக்களில் சென்றால் கம்சாளெயை அதன் சொந்த மண்ணிலேயே கேட்கலாம்.