டெல்லிக் குடியிருப்புகளில் மட்கு உரக் குழி: ஒரு வரலாற்றுப் பார்வை

தெற்கு டெல்லியின் சில குடியிருப்புகளில், பூங்காவின் ஒரு மூலையில் இரண்டு மூன்று செங்கல் தொட்டிகளைப் பார்க்கலாம். காய்கறித் தோல், தேயிலைச் சக்கை, முதல் நாள் ரொட்டி என்று வீடுகளிலிருந்து வந்ததெல்லாம் அதில் விழும். மேலே ஒரு கூடை சருகு, அதன்மேல் கொஞ்சம் சாணக் கரைசல். இதைப் புதுமை என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. உண்மையில் இந்தக் குழியின் வயது நூறை நெருங்குகிறது. இடையில் நகரம் அதைக் கைவிட்டதற்கும் பிறகு தேடிப் போனதற்கும் காரணம் ஒன்றே: குப்பையைப் பிரிப்பது யார் என்ற கேள்வி.

பீகாரின் பூசா ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய வேளாண் அறிவியலாளர் ஆல்பர்ட் ஹோவர்ட், 1924 முதல் 1931 வரை இந்தூரில் யஷ்வந்த் வாடுடன் சேர்ந்து உருவாக்கியதே இந்தூர் முறை. முப்பதடி நீளம், பதினான்கடி அகலம், மூன்றடி ஆழத்தில் குழி. பயிர்த் தட்டை, சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய மண், மரச்சாம்பல் ஆகியவற்றை அடுக்கடுக்காகப் போட்டு மூன்று முறை கிளறினால் மூன்று மாதத்தில் உரம். ஹோவர்டின் மனத்தில் இருந்தது பண்ணைதான். நகரக் குப்பைக்கு ஏற்ற முறையை வகுத்தவர் சி. என். ஆச்சார்யா. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1939-இல் அவர் உருவாக்கிய முறையில் கிளறும் வேலையே இல்லை. குப்பையையும் மலக்கழிவையும் மாற்றி மாற்றி அடுக்கி, மண் பூசி மூடி, ஆறு முதல் எட்டு மாதம் விட்டுவிட வேண்டியதுதான். 1940-களின் உணவுத் தட்டுப்பாட்டில் நகராட்சிகளும் இதில் அக்கறை காட்டின.

அந்தக் காலக் குப்பையை நினைத்துப் பாருங்கள்: அடுப்புச் சாம்பல், இலை, காய்த்தோல், தெருமண். பழைய காகிதத்தையும் தகரத்தையும் பாட்டிலையும் கபாடிவாலா வாசலிலேயே எடை போட்டு வாங்கிப் போய்விடுவார். எந்தச் சட்டமும் சொல்லாமலே குப்பை பிரிந்து கிடந்தது. பாலித்தீன் வந்ததும் அந்த ஒழுங்கு குலைந்தது.

சரியாக அந்த நேரத்தில்தான் அரசு இயந்திரத்தை நம்பியது. 1970-களின் நடுவிலிருந்து மத்திய அரசின் உதவியோடு பல நகரங்களில் இயந்திர உர ஆலைகள் எழுந்தன. டெல்லி ஓக்லாவில் 1980-களின் தொடக்கத்தில் அமைந்த ஆலையின் திறன் நாளொன்றுக்கு 150 டன். பிரிக்காமல் வந்த குப்பையை அரைத்துச் சலித்தபோது உரத்தோடு கண்ணாடித் துண்டும் பிளாஸ்டிக் நாரும் வந்தன. வெறுங்காலோடு வயலில் இறங்குகிறவர் அதை ஏன் வாங்குவார்? மானிய விலை யூரியா பக்கத்திலேயே கிடைத்தது. உரமாகாத குப்பைக்கு வேறு இடம் வேண்டியிருந்தது: 1984-இல் கிழக்கு டெல்லியின் காஜிப்பூரில் குப்பை கொட்டத் தொடங்கினார்கள். 2002-இல் அந்த இடம் நிரம்பிவிட்டது என்று சொல்லப்பட்ட பிறகும் லாரிகள் நிற்கவில்லை. 2017 செப்டம்பரில் அந்தக் குப்பைமேட்டின் ஒரு பகுதி சரிந்து இருவர் இறந்தனர்.

திருப்பம் நீதிமன்றத்திலிருந்து வந்தது. சூழலியல் ஆர்வலர் அல்மித்ரா படேல் 1996-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் விளைவே நகரத் திடக்கழிவு விதிகள், 2000. மட்கும் கழிவைக் குப்பைமேட்டுக்கு அனுப்பாமல் உரமாக்க வேண்டும் என்றன அவை. 2016 விதிகள் இன்னும் நெருங்கி வந்தன: மூன்று வகையாகப் பிரிக்க வேண்டும், 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மதிலடைத்த குடியிருப்புகள் மட்கும் கழிவை இயன்றவரை தம் வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும் என்றன அவை.

சருகின் கதை இதற்கு ஒரு கிளைக்கதை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் டெல்லியில் இலை, குப்பை எரிப்பதற்கு 5,000 ரூபாய் அபராதம் விதித்தது. நோக்கம் காற்று மாசு. ஆனால் உரக்குழியும் அதனால் பயனடைந்தது. சமையலறைக் கழிவில் நைட்ரஜன் மிகுதி. கரிமத்தைச் சருகு தராவிட்டால் தொட்டி புளித்து நாறும், புழு வைக்கும். ஆனால் டெல்லியில் வேம்பும் அரசும் இலை உதிர்ப்பது குளிர் போய் வெயில் ஏறும் மார்ச் வாக்கில். அப்போதே மூட்டை கட்டி வைத்தால்தான் மழைக்காலத்தைத் தாண்ட முடியும். ஜனவரி இரவில் வெளியே ஐந்து டிகிரிக் குளிர் இருக்கும்போதும், சரியாக அடுக்கிய குவியலின் நடுவில் இரும்புக் கம்பியைச் செருகிச் சற்று நேரம் கழித்து உருவினால் கையில் பிடிக்க முடியாத சூடு இருக்கும். கம்பி குளிர்ந்தே வந்தால் ஈரமோ காற்றோ சருகோ குறைகிறது என்று பொருள்.

கம்பியைச் செருகிப் பார்ப்பவர் பெரும்பாலும் நலச் சங்கத்தின் செயலாளர் அல்லர். வீடு வீடாக வண்டி தள்ளி வரும் கூடாவாலாதான். அவரது வருமானத்தின் பெரும்பங்கு, குப்பையில் கிடைக்கும் பாட்டிலையும் அட்டையையும் விற்பதில் வருகிறது. மட்கும் கழிவை விற்று அவருக்கு ஒரு காசும் கிடையாது. அதைச் சுமந்து குழியில் சேர்ப்பதற்குத் தனிக்கூலி கொடுத்த குடியிருப்புகளில் தொட்டி நிலைத்தது. அதை அவரது வழக்கமான வேலையோடு சேர்த்துவிட்ட இடங்களில் சில மாதங்களில் தொட்டிக்குள் பால் பாக்கெட்டுகள் கிடந்தன. விதிகளில் பிரிக்கும் கடமை வீட்டுக்காரருடையது. நடைமுறையில் கலந்து வந்த பையைத் தெருவோரக் குப்பைக் கூடமான டலாவின் சுவர் நிழலில் அவிழ்த்து, ஊசிப்போன பருப்புக்குள் கைவிட்டு டயப்பரை எடுத்து வீசுகிறவர் அவர்தான்.