ஒரு கிண்ணத்துள் அயனமண்டலம்: வண்ணப் பானமொன்றின் வரலாறு

மன்னர்களின் முடிசூட்டு விழாக்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே வரலாறு என்ற கருத்து இன்று பெரிதும் கைவிடப்பட்டுள்ளது. மக்கள் உண்ணும் உணவும் உடுக்கும் உடையும் பருகும் பானமும் வரலாற்று மூலங்களாகவே கொள்ளப்படுகின்றன. தேயிலையும் சீனியும் கோப்பியும் உலக அரசியலை எவ்வாறு மாற்றியமைத்தன என்பதை ஆய்வாளர் பலர் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளனர். அவ்வகையில், விளையாட்டுப் பொருள்போலத் தோற்றமளிக்கும் ஒரு பானத்தை, அதாவது வண்ணமும் நுரையும் கொண்ட அயனமண்டலக் கொக்டெயிலை, ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பானத்தை வீட்டில் கலப்போர் பொதுவாகக் கொள்ளும் பொருள்கள் சிலவே. றம் என்னும் கரும்புச் சாராயம், அன்னாசிச் சாறு, தேசிக்காய்ச் சாறு, சீனிப்பாகு, நீலநிறமூட்டிய கூறாசாவோ மது, ஐஸ், சோடாநீர் என்பனவே அவை. உயரமான கண்ணாடிக் கிண்ணத்தில் இவற்றை ஊற்றி, மேலே ஒரு மலரையோ அன்னாசித் துண்டையோ செருகிவிட்டால் பானம் ஆயத்தமாகிவிடும். ஆயின் இப்பொருள்கள் ஒவ்வொன்றும் கிண்ணத்தை வந்தடைந்த வழியை நோக்குமிடத்து, ஏறத்தாழ நானூறு ஆண்டுகாலக் குடியேற்றநாட்டாதிக்கத்தின் வரலாறே அதனுள் அடங்கியிருத்தலைக் காணலாம்.

பஞ்சும் சாராயமும்

மதுவையும் பழச்சாற்றையும் சீனியையும் ஒன்றாகக் கலந்து பருகும் வழக்கத்தை ஐரோப்பியர் மத்தியில் பரப்பியது பஞ்ச் என்னும் பானமாகும். இச்சொல்லுக்கு நமக்குத் தெரிந்த மிகப் பழைய சான்று, இந்தியாவிலிருந்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனி ஊழியர் ஒருவர் 1632ஆம் ஆண்டில் எழுதிய கடிதத்தில் காணப்படுகின்றது. சாராயம், சீனி, தேசிச்சாறு, நீர், வாசனைப்பொருள் என்னும் ஐந்தும் சேர்ந்தமையால் ஐந்து எனப் பொருள்படும் வடசொல்லாகிய ‘பஞ்ச’ என்பதிலிருந்து இப்பெயர் வந்தது என்பர் ஒரு சாரார். மதுப்பீப்பாயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே மருவியது என்பர் மற்றொரு சாரார். எம்முடிவை ஏற்பினும், இப்பானம் இந்தியக் கரையோரப் பண்டகசாலைகளிலும் கப்பல்களிலும் வளர்ந்ததென்பதில் ஐயமில்லை. ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த மது அயனமண்டல வெப்பத்திற் கெட்டுப்போயிற்று. அருகிற் கிடைத்த சாராயத்தையும் தேசிக்காயையும் கம்பனியின் ஊழியரும் மாலுமியரும் நாடியது இயல்பே.

கோவாவும் பத்தாவியாவும் இலங்கையும் அக்காலத்திற் சாராயத்துக்குப் பெயர்பெற்றிருந்தன. இலங்கையின் சாராயம் தென்னங்கள்ளைக் காய்ச்சி வடித்துப் பெறப்பட்டது. ஒல்லாந்தரும் பின்னர் ஆங்கிலேயரும் சாராய விற்பனை உரிமையைக் குத்தகைக்கு விட்டு அரசிறையைப் பெருக்கினர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குறிப்பாக 1904இலும் 1912இலும், இந்நாட்டில் எழுந்த மதுவிலக்கு இயக்கம் குடியேற்றநாட்டு அரசுக்கு எதிரான உணர்வுக்கு ஒரு வாயிலாக அமைந்தமைக்கு இவ்வருமானக் கொள்கை ஒரு காரணமாகும்.

றம்: கரும்பும் கட்டாய உழைப்பும்

பஞ்சில் ஆசியச் சாராயத்தின் இடத்தைக் காலப்போக்கிற் பெரிதும் பற்றிக்கொண்டது றம் ஆகும். 1640களிற் பாபடோஸ் தீவில் ஆங்கிலேயர் பெருமளவிற் கரும்பு பயிரிட்டனர். சீனி காய்ச்சும்போது எஞ்சும் கரும்பாகை நொதிக்கவைத்து வடித்தால் றம் கிடைக்கும். கழிவாக எண்ணப்பட்ட பொருளொன்று இவ்வாறு இலாபம் தருவதாயிற்று. ஆபிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகளே கரும்பை நட்டனர், வெட்டினர், ஆலையிற் பிழிந்தனர், கொதிகலன்களின் முன் இரவுபகலாக நின்றனர். வட அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக் குடியேற்றங்களில் அதே கரும்பாகிலிருந்து வடிக்கப்பட்ட றம், மேற்கு ஆபிரிக்கக் கரையில் மேலும் அடிமைகளை வாங்குவதற்கு விலையாகக் கொடுக்கப்பட்டது. அடிமையின் உழைப்பிற் பிறந்த பொருளே அடுத்த அடிமையின் விலையாயிற்று. பிரித்தானியக் கடற்படையில் மாலுமிகளுக்கு நாள்தோறும் றம் வழங்கும் வழக்கம் 1970ஆம் ஆண்டு யூலை 31ஆம் நாள் வரை நீடித்தது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

அடிமை முறை பிரித்தானியப் பேரரசில் 1834இலும் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848இலும் ஒழிக்கப்பட்டபின், தோட்டங்களுக்குக் கூலியாட்கள் தேவைப்பட்டனர். தமிழர் வரலாறு இக்கிண்ணத்துடன் நேரடியாக இணைவது இவ்விடத்திலேயாம். 1853 முதல் மூன்று தசாப்தங்களில் ஏறத்தாழ 25,000 இந்தியர் மார்ட்டினிக் தீவுக்கும், 1854 முதல் ஏறத்தாழ 42,000 இந்தியர் குவாதலூப் தீவுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். இவர்களுட் பெருந்தொகையினர் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிற் கப்பலேறிய தமிழராவர். அவர்தம் வழித்தோன்றல்கள் காலப்போக்கிற் கிரெயோல் மொழியினராயினர். எனினும் மாரியம்மன் வழிபாடு, பெயர் சற்றே திரிந்த நிலையில், அத்தீவுகளில் இன்றும் நிலவுகின்றது. கண்டிச் சீமையின் கோப்பித் தோட்டங்களுக்கு நம் மலையக மக்களின் முன்னோர் நடந்துவந்த அதே காலத்திலே, அவர்தம் ஊரவர் சிலர் கடல்கடந்து கரும்பு வெட்டினர் என்பதை நாம் மறத்தல் கூடாது.

நீலநிறம் தரும் கூறாசாவோ மதுவின் கதையும் இதனோடொத்ததே. கரீபியன் கடலிலுள்ள அச்சிறு தீவில் இசுப்பானியர் நட்ட தோடை, வரண்ட மண்ணில் இனிப்பிழந்து கசப்புக் கனியாயிற்று. கனி உண்ணத்தகாததாயினும் அதன் தோல் நறுமணம் மிக்கது. அத்தோலைக் கொண்டே அம்மது ஆக்கப்பட்டது. 1634இல் தீவைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அதனை அடிமை வாணிகத்தின் பெருஞ்சந்தையாக்கினர். பானத்திற் காணும் நீலம் பின்னர்ச் சேர்க்கப்பட்ட சாயமேயன்றிக் கனியின் நிறமன்று.

குமிழியும் குளிர்ச்சியும்

பானத்துக்கு உயிரூட்டும் குமிழி ஆய்வுகூடத்தின் கொடையாகும். 1767ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மதுவடிசாலையொன்றின் அருகே வாழ்ந்த ஜோசப் பிறீஸ்லி, நொதிக்கும் தொட்டிகளின் மேல் தேங்கிநின்ற வாயுவை நீரிற் கரைத்துப் பார்த்தார். நாம் இன்று காபனீரொட்சைட்டு என வழங்கும் வாயு அது. 1772இல் அவர் தமது முறையை நூலாக வெளியிட்டார். அந்நீர் நெடுங்கடற் பயணத்தில் மாலுமிகளைப் பீடித்த ஸ்கேவி நோயைத் தடுக்கும் என அவர் நம்பினார். அந்நம்பிக்கை பொய்த்தது. நோயைத் தடுத்தது தேசிக்காயும் தோடையுமேயாம். எனினும் சோடாநீர் நிலைத்தது. யேர்மனியிற் பிறந்து ஜெனிவாவிற் குடியேறிய யோகான் யேக்கப் ஷ்வெப் 1783இல் அதனை வாணிகப் பொருளாக்கி, 1792இல் இலண்டனில் தொழிலைத் தொடங்கினார். 1872இல் ஹைறம் கொட் என்பார் கண்ணாடிக் குண்டொன்றால் அடைபடும் போத்தலுக்கு உரிமை பெற்றார். தமிழ்நாட்டிற் கோலிச் சோடா என வழங்கும் போத்தல் இதுவே.

அமுக்கம் கூடக்கூட நீரிற் கரையும் வாயுவின் அளவும் கூடும் என்பதை வில்லியம் ஹென்றி 1803இல் நிறுவினார். வெப்பநிலை குறையுந்தோறும் வாயு மிகுதியாகக் கரையும் என்பதும் அறிந்ததே. வீட்டிற் பானம் கலப்போர் கைக்கொள்ளும் நியதிகள் இவ்விரு உண்மைகளிலிருந்தே பிறக்கின்றன. அடர்த்தி மிக்க பாகும் சாறும் முதலில் ஊற்றப்படும். ஐஸ் அடுத்து இடப்படும். நன்கு குளிர்ந்த சோடா இறுதியாக, கிண்ணத்தின் விளிம்பு வழியே மெல்ல ஊற்றப்படும். சோடாவை ஊற்றியபின் வேகமாகக் கலக்கின் வாயு வெளியேறிப் பானம் உயிரற்றதாகிவிடும். நிறங்கள் அடுக்கடுக்காகத் தோன்றுவதற்கும் அடர்த்தி வேறுபாடே காரணமாகும்.

அயனமண்டலத்தில் ஐஸ் என்பதும் ஒருகால் இறக்குமதிப் பொருளாகவே இருந்தது. பொஸ்ரன் நகரத்து வணிகர் பிரெடெறிக் டியூடர் 1806இல் மார்ட்டினிக்குக்கு ஏரிப் பனிக்கட்டியை அனுப்பினார். 1833இல் 180 தொன் பனிக்கட்டியுடன் அவரது கப்பல் கல்கத்தாவுக்குப் புறப்பட்டு நான்கு மாதப் பயணத்தின்பின் ஏறத்தாழ 100 தொன்னைக் கொண்டுசேர்த்தது. அவ்வாணிகத்துக்கெனச் சென்னைக் கடற்கரையிற் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ் இன்றும் விவேகானந்தர் இல்லம் என்னும் பெயரில் நிற்கின்றது. வெப்பநாட்டிற் குளிர்ந்த பானம் பருகுதல் அன்று ஆள்வோரின் அடையாளங்களுள் ஒன்றாயிருந்தது.

சோடாவின் உடன்பிறப்பாகிய ரோனிக் நீரும் இவ்வரலாற்றைச் சேர்ந்ததே. அதன் கசப்புக்குக் காரணம் மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகிய கொயினா. தென் அமெரிக்காவின் அந்தீசு மலைக்குரிய சிங்கோனா மரப்பட்டையிலிருந்து அது பெறப்படும். 1860களிற் சிங்கோனா நீலகிரியிலும் இலங்கையிலும் நடப்பட்டது. 1861இல் ஹக்கலைத் தாவரத் தோட்டம் அதற்கெனவே நிறுவப்பட்டது. 1869 முதற் கோப்பிச் செடியை அழித்த நோயினால் நொந்த துரைமார் சிங்கோனாவை நாடினர். 1880களின் நடுப்பகுதியில் இலங்கை ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி இறாத்தல் பட்டையை ஏற்றுமதி செய்தது. விலை வீழ்ந்ததும் மரங்கள் பிடுங்கப்பட்டுத் தேயிலை நடப்பட்டது. ஒல்லாந்தரின் யாவா தோட்டங்கள் வென்றமைக்குக் காரணமான உயர்ந்த இன விதையைப் பொலிவியாவிற் சேகரித்தவர் மனுவேல் இங்க்ரா மமானி என்னும் ஐமாறா இனத்தவராவர். விதையை அந்நியருக்குக் கொடுத்தமைக்காக அவர் சிறையிடப்பட்டு, அடியுண்டு, அதன் விளைவாக உயிர்துறந்தார். விதையை விற்ற ஆங்கில வணிகரின் பெயரையே அச்சிங்கோனா இனம் இன்றும் தாங்குகின்றது.

கற்பனை அயனமண்டலம்

இப்பொருள்களெல்லாம் இன்றைய வண்ணக் கோலத்தில் ஒன்றுசேர்ந்த இடம் ஐக்கிய அமெரிக்காவாகும். அங்கு 1920 முதல் நடைமுறையிலிருந்த மதுவிலக்கு 1933 டிசம்பரில் நீக்கப்பட்டதும், ஏர்னெஸ்ட் கான்ற் என்பார் ஹொலிவூட்டில் ‘டொன் த பீச்கோமர்’ என்னும் பெயரில் மதுச்சாலையொன்றை நடத்தினார். மூங்கிலும் ஓலையும் கொண்டு தென்கடல் தீவின் தோற்றம் அங்குச் செயற்கையாக அமைக்கப்பட்டது. கரீபியன் றம்மைப் பசிபிக் தீவின் பானமாக விற்றமை அவரது புதுமை. பானங்களைக் கலந்தோருட் பலர் பிலிப்பீன்ஸ் நாட்டினர். செய்முறை வெளியே கசியாதவாறு போத்தல்களிற் பெயருக்குப் பதிலாக இலக்கங்களே இடப்பட்டிருந்தன. தாம் எதைக் கலக்கின்றோம் என்பதைக் கலப்பவரே அறியாதிருந்தனர். உழைப்பாளி தன் உழைப்பின் விளைவிலிருந்து அந்நியமாதலுக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டைக் காண்பதரிது. 1944இல் விக்ரர் பேர்ஜெறன் ‘மை தை’ என்னும் பானத்தை ஆக்கியதாகக் கூறுவர். போரின்பின் இத்தகைய பானங்கள் அமெரிக்க வீட்டு விருந்துகளிலும் இடம்பெற்றன.

ஹவாய்த் தீவுகளின் அரசியான லிலியுவோகலானி 1893இல் அமெரிக்கத் தோட்ட முதலாளிகளும் வணிகரும் முன்னின்று நடத்திய சதியாற் பதவியிழந்தார். 1898இல் தீவுகள் அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டன. 1901இல் ஜேம்ஸ் டோல் அங்கு அன்னாசி நிறுவனத்தைத் தொடங்கி, 1922இல் லானாய்த் தீவை ஏறத்தாழ முழுமையாகவே விலைக்கு வாங்கினார். சீன, யப்பானிய, பிலிப்பீன்ஸ் தொழிலாளர் அங்குக் கரும்பும் அன்னாசியும் வளர்த்தனர். தகரத்தில் அடைத்த அன்னாசி அமெரிக்க இல்லந்தோறும் சென்றது. 1957இல் வைக்கீக்கி ஹோட்டலொன்றிற் பணியாற்றிய ஹறி யீ என்பார், நீலக் கூறாசாவோவை விற்க விரும்பிய நிறுவனமொன்றின் வேண்டுகோளுக்கிணங்கி ‘புளூ ஹவாய்’ பானத்தை ஆக்கினார். கடலின் நிறம் எனப் பயணிகள் வியந்த நீலம் இவ்வாறு வாணிகத் தேவையிற் பிறந்தது.

அவரே செய்த மற்றொரு மாற்றம் நுணுகி நோக்கத்தக்கது. அதற்குமுன் பானத்தில் ஒரு கரும்புத் துண்டு செருகப்படுவதுண்டு. அதனை மென்று சாம்பற் கிண்ணத்தில் இட்டபோது சாம்பலும் சாறும் ஒட்டித் துப்புரவு செய்தல் கடினமாயிற்று. எனவே அவர் கரும்புக்குப் பதிலாக ஓர்க்கிட் மலரை வைத்தார். தொழிலாளி ஒருவரின் சிக்கனமான ஏற்பாடே அது. ஆயினும் அதன் விளைவை வரலாற்று மாணவன் கவனித்தல் வேண்டும். தோட்டத்தையும் உழைப்பையும் நினைவூட்டிய கடைசிப் பொருளும் கிண்ணத்தைவிட்டு நீங்கிற்று. எஞ்சியது மலர் மட்டுமே. ஹவாயின் இறுதிச் சீனி ஆலை 2016இல் மூடப்பட்டது. மலர் செருகிய கிண்ணமோ இன்றும் விற்பனையாகின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றை ஒருங்கே நோக்குமிடத்து, அயனமண்டலம் எனப் பெயர்பெற்ற இப்பானம் அயனமண்டல மக்களின் உழைப்பினால் ஆனதெனினும், அவர்களை வெளியே நிறுத்திவைத்த கண்களாற் காணப்பட்ட அயனமண்டலத்தையே காட்டுகின்றது என்பது புலனாகும். ஓய்வும் கடலும் மலரும் அதிற் காட்சி தருகின்றன. கரும்புக் காடும் கொதிகலனும் கூலிக் கப்பலும் காட்சி தருவதில்லை. நம் நாட்டுக் கரையோர விடுதிகளும் அதே வடிவக் கிண்ணத்தை அயல்நாட்டுப் பயணியின் முன் வைக்கும்போது, பிறர் நம்மைப் பற்றி வரைந்த படத்தையே நாம் அவர்களுக்குத் திருப்பி விற்கின்றோம் எனலாம்.

இதனாற் பானத்தை வெறுத்தொதுக்கவேண்டும் என்பது கருத்தன்று. அன்னாசியும் தேசிக்காயும் குளிர்ந்த சோடாவும் மது சேராமலே இனிய பானமாகும். அதனை வீட்டிற் கலப்பதில் எவருக்கும் தடையில்லை. ஆயின் கலக்கும் கை, ஒவ்வொரு பொருளும் எவருடைய கைகளைக் கடந்து வந்ததென்பதை அறிந்திருத்தல் வேண்டும். ஏடுகளிற் பெயர் பதியப்பெறாத பல்லாயிரவரின் வாழ்வை அவர்கள் விளைவித்த பொருள்களினூடாக மீட்டெடுத்தல் வரலாற்றாசிரியரின் கடமைகளுள் தலையாயது. மார்ட்டினிக்கின் கரும்புக் காட்டில் மாரியம்மனை வணங்கிய தமிழரின் வரலாற்றை எழுதும் பொறுப்பு, அவர்தம் மொழியை இன்றும் பேசுகின்ற நம்மையும் சார்ந்ததாகும்.